ஜெனிபர் பேசாத வசனம்

கல்யாண மண்டபத்தின் மேடையில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் ஓரங்களில் கசிந்தது. முன்வரிசைகளில் ஒன்றில் ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கணவன் ஜோஷ்வா, மறுபக்கம் மாமியார் சின்னப்பொண்ணு. மூன்று பேரும் சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார்கள்.

படம் எடுத்த மதிவாணன் கவரைப்பேட்டைக்காரன். இன்ஜினியரிங் முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, சினிமா ஆசையில் அதை விட்டவன். கதை அந்த சிப்காட்டிலேயே நடப்பது. லாரிகளை எடை போடும் மேடையில் தனியாக வேலை பார்க்கும் ஒருத்தன், தன் போனில் பேசும் யாழி என்ற செயற்கை அறிவுப் பெண்ணைக் காதலிக்கிறான். யாழிக்கு உருவம் கிடையாது, குரல் மட்டும்தான். அந்தக் குரல் ஜெனிபருடையது.

அவள் நடிகை இல்லை. பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு உடைசல் மூடிகளைப் பொறுக்கித் தள்ளும் வேலை. சர்ச்சில் வேதபாடம் வாசிப்பாள். ஒரு கல்யாணத்தில் அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் மதிவாணன் வீடு தேடி வந்தான். ஜோஷ்வாவுக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. ரெக்கார்டிங்குக்கு அவனே பைக்கில் கூட்டிக்கொண்டு போனான்.

படத்தில் அவள் குரல் முதலில் வந்தபோது மண்டபம் கைதட்டியது. "எங்க ஊட்டுப் பொண்ணு" என்று சின்னப்பொண்ணு பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னாள். ஜோஷ்வா இருட்டில் ஜெனிபரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. எடைமேடைக்காரன் மழையில் நனைந்து வந்து, அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போனைக் காதோரம் வைத்துக்கொள்கிறான். யாழி பேசுகிறாள்:

"நீ வண்டிய நிறுத்துற சத்தம் கேட்டாலே எனக்குப் போதும். நாள் பூரா அதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன். இன்னும் கிட்ட வாயேன். உன் மூச்சு எனக்குக் கேக்கட்டும்."

பிறகு ஒரு சிரிப்பு. தொண்டைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே அடங்கிவிடும் சின்னச் சிரிப்பு. ஜெனிபர் அப்படித்தான் சிரிப்பாள்.

அந்த வசனத்தை அவள் பேசவே இல்லை. ஒரு கணம் தன்மேலேயே சந்தேகம் வந்தது. பேசிவிட்டு மறந்துபோனேனா? இல்லை. இப்படி ஒரு வரி தாளில் இருந்திருந்தால் வாசிக்கும்போதே முகம் சிவந்திருக்கும், முடியாது என்று சொல்லியிருப்பாள். ஆனால் திரையில் பேசுவது அவள்தான். 'காத்துக்கினு' என்பதில் அவள் கொடுக்கும் அழுத்தம்கூட அப்படியே இருந்தது.

ஜோஷ்வா கையை எடுத்துக்கொண்டான்.

அதே மாதிரிக் கொஞ்சல் இன்னும் இரண்டு இடங்களில் வந்தது. படம் முடிந்து விளக்கு போட்டதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "யம்மா, கட்ன புருஷன்கிட்டகூட நான் இப்டிக் கொஞ்சினதில்ல" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெனிபர் மதிவாணனைத் தேடினாள். அவன் சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு பேரைக் காருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். இவளைப் பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சின்னப்பொண்ணு தனியாக ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஜோஷ்வா பைக்கை எடுத்தான். பைபாஸில் ஒரு லாரி ஷெட் பக்கம் வந்ததும் ஓரங்கட்டினான். இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"அத எப்போ பேசின?"

"நான் பேசலய்யா. சத்தியமா பேசல."

"உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

"என் கொரலுதான். ஆனா நான் பேசல."

"இன்னா பேசுற நீ? கொரலு உன்னுது, பேசினது யாரு, பேயா?" இப்போதுதான் திரும்பினான். "கடைசியா ஒருநாளு தனியா போனியே. எனக்கு ஷிஃப்ட்டுனு நீயே ஆட்டோ புடிச்சிப் போன. அன்னிக்கு இன்னா பேசின?"

"பேப்பர் படிச்சேன். கொரலு செட் பண்ணணும்னு சொல்லி நியூஸ் பேப்பரக் குடுத்துப் படிக்கச் சொன்னாரு. படிச்சேன், வந்துட்டேன்."

"பேப்பரு." ஜோஷ்வா அந்தச் சொல்லைக் கசப்பாகத் திரும்பச் சொன்னான். பைக்கை உதைத்தான். அதன்பிறகு வீடு வரும்வரை பேச்சில்லை, வந்த பிறகும் இல்லை.

மறுநாளே அந்தக் காட்சியை வெட்டி யாரோ போன்களில் பரப்பிவிட்டார்கள். கம்பெனியில் மூடி பொறுக்கும் இடத்தில் கூட வேலை செய்யும் கல்பனா அதை ஜெனிபரிடம் காட்டினாள். ஜெனிபர் பார்க்கவில்லை, போனைத் தள்ளிவிட்டாள்.

"ஏன்டி, நல்லாத்தான பேசியிருக்கிற" என்றாள் கல்பனா.

"அது நான் இல்ல கல்பனா."

"சினிமால எதுதான் நாம? அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"

சர்ச் மூப்பர் வீட்டு வாசலிலேயே நின்று பேசினார். இந்த ஞாயிறு வேதபாடம் வேறு யாராவது வாசிக்கட்டும், தப்பா நினைக்காதம்மா, நாலு பேர் நாலு விதமா பேசறாங்க என்றார். ஜெனிபர் சரி என்றாள். உள்ளே சின்னப்பொண்ணு பாத்திரத்தை ஓசைப்படத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோஷ்வா வேலை பார்த்தது இரும்புக் கம்பி உருட்டும் மில்லில். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டில் தனியாக உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்பைத் தூக்கி இடம் மாற்றுவான். புதன்கிழமை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிர் பெஞ்சில் கூட வேலை பார்க்கும் ரகு போனைச் சத்தமாக வைத்தான். "இன்னும் கிட்ட வாயேன்" என்றது ஜெனிபரின் குரல். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

"ஜோஷ்வா, உனக்கு ஊட்ல டெய்லி ஷோவா?" என்றான் ரகு.

ஜோஷ்வா தட்டை அவன்மேல் வீசினான். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட இருவரையும் மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவன் அதே கையோடு போய்க் கிரேனில் ஏறினான். பாரத்தைத் தூக்கும்போது வேகம் கூடிவிட்டது. சங்கிலி ஒருபக்கமாக ஆட, கீழே நின்றவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். இரும்பு தூணில் மோதி விழுந்து தரையில் பொறி பறந்தது. யாருக்கும் அடியில்லை. சூப்பர்வைசர் அவனை இறக்கி, மேனேஜர் கூப்பிடும்வரை வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்.

ஜெனிபர் வேலை முடிந்து வந்தபோது சின்னப்பொண்ணு வாசற்படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எம்புள்ள உசுரோட வந்தது கர்த்தர் கிருபை. கீழ ஒருத்தன் செத்திருந்தா ஜெயிலு. எல்லாம் உன் சினிமாவால. பேசினியா இல்லியா, ஒரே பேச்சா சொல்லிட்டுப் போ."

"பேசல அத்தே."

"அப்போ யாரு பேசினது?"

அந்தக் கேள்விக்குத்தான் ஜெனிபரிடம் பதில் இல்லை. உள்ளே ஜோஷ்வா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருக்கோடிக்குப் போய் மதிவாணனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. விடாமல் போட்டாள். கடைசியில் எடுத்தான்.

"அண்ணா, நான் பேசாதத எப்படி என் கொரல்ல போட்டீங்க?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சிஸ்டர், நீங்க அன்னிக்குப் பேப்பர் படிச்சீங்கள்ல, அத வெச்சி கம்ப்யூட்டர் உங்க குரலக் கத்துக்கிச்சி. நாம எழுதறத அது உங்க மாதிரியே பேசும். எடிட்டிங்ல பாத்தா காதல் பத்தல. உங்களக் கூப்ட்டா பேச மாட்டீங்கன்னு தெரியும். அதான்..."

"இத அவருகிட்ட சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க, போனக் குடுக்கறேன்."

"சிஸ்டர், சிஸ்டர், கேளுங்க. படத்த வாங்க ரெண்டு பேர் வந்தாங்களே, அவங்க முதல் கேள்வியே குரல் மெஷின்ல பண்ணதான்னு. இல்ல, நிஜப் பொண்ணு பேசினதுன்னு சொல்லிட்டேன். வெளிய தெரிஞ்சா வாங்க மாட்டாங்க. மூணு வருஷ உழைப்பு. நீங்களே பேசினதா இருக்கட்டுமே. நடிப்புதான சிஸ்டர், இதுல என்ன தப்பு?"

ஜெனிபர் போனை வைத்தாள். மெஷின் பெண்ணைப் பற்றிப் படம் எடுத்தவன், அவளையே மெஷின் ஆக்கிவிட்டு, அது பேசியதை அவளே பேசியதாக ஒத்துக்கொள்ளச் சொல்கிறான். அவள் வீட்டுக்குத் திரும்பிப் படுத்திருந்தவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்துரு. கவரைப்பேட்டை போலாம்."

"எதுக்கு?"

"வந்தா தெரியும். வரலன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவள் அந்த மாதிரிப் பேசி அவன் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பைக் சாவியை எடுத்தான்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் மதிவாணனின் அறை. சத்தம் புகாமலிருக்க சுவரெல்லாம் பழைய மெத்தைகள் சாத்தியிருந்தன. கதவைத் திறந்தவன் ஜோஷ்வாவைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினான்.

"பிரதர், உக்காருங்க. டீ சொல்றேன்."

"டீ வேணாம்" என்றாள் ஜெனிபர். "போன்ல எங்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்லுங்க."

மதிவாணன் அவளையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான். "எதச் சொல்றீங்க சிஸ்டர்?"

ஜோஷ்வா ஜெனிபர் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையில் இருந்ததை அவளால் தாங்க முடியவில்லை. இந்த ஆள் இப்போது வாயைத் திறக்காவிட்டால் தன் பேச்சுக்கு இனி ஆயுசுக்கும் மதிப்பில்லை என்று தோன்றியது.

"அண்ணா, நீங்க உண்மையச் சொன்னா உங்களுக்கு ஒரு படம் போவும், அவ்ளோதான். சொல்லலன்னா எனக்கு ஊடே போயிடும். இவரு கிரேன்ல மறுபடி இதே நெனப்புல ஏறினா கீழ நிக்கிறவன் உசுரு போயிடும். நீங்க பேச வேணாம். அந்த மெஷின பேச வைங்க."

வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது கடந்து போகும்வரை மதிவாணன் தலை குனிந்திருந்தான். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எதையோ திறந்தான். தட்டினான்.

"வணக்கம் ஜோஷ்வா பிரதர்" என்றது ஜெனிபரின் குரல். "நான் உங்க மனைவி இல்ல. மதிவாணன் என்னை உருவாக்கினார்."

ஜோஷ்வா ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. ஜெனிபரின் வாயைத்தான் பார்த்தான். அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் திரண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி" என்றான்.

மதிவாணன் வேறெதையோ அடித்தான். "இந்தப் படத்துல மூணு இடத்துல நான் பேசறேன். ஜெனிபர் பேசல" என்றது குரல்.

ஜோஷ்வா நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "நான் ஒண்ணு அடிக்கலாமா?" என்று கேட்டான்.

"இங்கிலீஷ் எழுத்துலயே அடிங்க பிரதர். அது தமிழாப் படிச்சிக்கும்."

ஜோஷ்வா ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தான். அடித்து, அழித்து, மறுபடி அடித்தான். அவன் என்ன எழுதுகிறான் என்று ஜெனிபருக்குத் தெரியவில்லை. அவனே பட்டனையும் அழுத்தினான்.

"வந்துட்டியா ஜோஷ்வா. உக்காரு. இன்னிக்கு கிரேன்ல பயமா இருந்துச்சா?"

அவ்வளவு பரிவாக இருந்தது அந்தக் குரல். அந்தப் பரிவு ஜெனிபருக்குச் சொந்தமானதுதான், ஆனால் அவள் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. அவமானமும் கோபமும் ஒன்றாக ஏறி வந்தன. அவள் படிகளில் விறுவிறுவென்று இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள்.

ஜோஷ்வா பின்னாலேயே ஓடிவந்தான். ரோட்டில் ஆந்திரா பக்கம் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது.

"ஜெனி, நில்லு. நம்பறேன். நீ பேசல."

"இப்போ நம்பற. நான் சொன்னப்போ நம்பல. மெஷின் சொன்னா நம்பற."

அவன் பைக் சாவியை விரலில் சுற்றினான்.

"அது இன்னா கேள்வி? கிரேன்ல உனக்கு பயமா?"

அவன் லாரிகளைப் பார்த்தபடி சொன்னான். "போன மழைக்கு ஒரு சங்கிலி அறுந்துச்சி. கீழ நின்னவன் கால இழுத்துக்கினான், இல்லன்னா போயிருப்பான். அதுலேருந்து கூண்டுல ஏறினாலே கைல வேர்க்குது. யார்கிட்டயும் சொல்லல."

"எங்கிட்ட கூடவா?"

"நீயே நின்னு நின்னு கால் வீங்கி வர. வந்ததும் அடுப்பு. எப்போ சொல்றது? படத்துல அவன் வந்ததும் அவ கேக்கறா. சாப்டியா, நனைஞ்சியா, இன்னா ஆச்சின்னு. எனக்கு..." நிறுத்திவிட்டான். "நீ அவன்கிட்ட அப்டிப் பேசினியேன்னு கோவம்னு நெனச்சேன். அது மட்டும் இல்ல."

ஜெனிபர் அவன் பக்கம் திரும்பினாள். "அவளுக்குக் கால் வலிக்காது. பசிக்காது. ஷிஃப்ட் கெடையாது. அவ ஆயிரம் வாட்டி கேப்பா. நான் அவ இல்லய்யா."

"தெரியும்."

"தெரிஞ்சா நீ வாயத் தொறக்கணும். பயமா இருக்குதுன்னு நீ சொல்லு. நான் கேக்கறேன், தூங்கி வழிஞ்சாலும் கேக்கறேன். என் கொரல அங்க போய்த் தட்டி வாங்காத."

அவன் தலையாட்டினான். பைக் பக்கம் போகப் பார்த்தான். "இன்னும் முடியல" என்று அவள் மறுபடி மாடி ஏறினாள்.

மதிவாணன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த மூன்று இடங்களையும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தால் காதலே இல்லை, படம் நிற்காது என்றான். "அப்டின்னா நீங்களே நேர்ல பேசிக் குடுங்க சிஸ்டர். பிரதரும் கூட இருக்கட்டும். உண்மையாவே உங்க குரலா ஆயிடும்."

பின்னாலேயே ஏறி வந்த ஜோஷ்வா வாசலில் நின்றான். அவள்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டான்.

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. திரையில் தன் பெயர் தனியாக வந்ததை அவள் பார்த்திருந்தாள். மூடி பொறுக்கும் வேலையில் அவளுக்கு ஒரு நம்பர்தான். ஆனால் அந்த வரிகளை இப்போது பேசினால் முதலில் திருடினது சரி என்று ஆகிவிடும்.

"வேணாம்" என்றாள். "என் கொரல மொத்தமா எடுத்துடுங்க. வேற யாரையாவது பேச வைங்க. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க. அந்த மெஷின்ல இருக்கறத என் கண்ணு முன்னாடி அழிங்க."

மதிவாணனுக்குக் கண் கலங்கியது. தன் படத்துக்காகவா, வெட்கத்தாலா என்று சொல்ல முடியாது. அழித்தான்.

"வேற எங்கயாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

அதைச் சரிபார்க்க அவளுக்கு வழியில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், சரி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

அன்று வீட்டில் ஜோஷ்வாவே தன் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னான். சின்னப்பொண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. "கொரலையுமா திருடுவானுங்க?" என்றாள். பிறகு எழுந்து போய் மருமகளுக்குச் சோறு போட்டாள்.

சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் யாழிக்குக் குரல் கொடுத்தாள். படம் எப்படியோ விலைபோனது. கல்பனா போனில் பார்த்துவிட்டு, "உன்னுது மாதிரி இல்லடி, இவ பேசறது பள்ளிக்கூட டீச்சர் மாதிரி கீது" என்றாள். ஜெனிபருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அதோடு ஒரு வலியும். ஆனால் வெட்டிப் பரப்பின அந்தப் பழைய காட்சி போன்களில் இருந்துகொண்டேதான் இருந்தது. அதை யாராலும் அழிக்க முடியவில்லை.

மில்லில் ஜோஷ்வாவைத் திரும்பக் கூப்பிட்டபோது அவன் மேனேஜரிடம் கூண்டில் ஏறப் பயம் என்று நேராகவே சொல்லிவிட்டான். கீழே எடை பார்க்கும் இடத்துக்கு மாற்றினார்கள். முதல்நாள் முடிந்து வந்தவன் முகம் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்தான். ஜெனிபர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரகுகிட்ட சொன்னேன். அது நீ இல்ல, மெஷினுன்னு."

"இன்னா சொன்னான்?"

"சிரிச்சான். எந்த ஊரு மெஷினுன்னு கேட்டான். நம்பல."

அவள் கத்தியை நிறுத்தினாள். "அடிச்சியா?"

"இல்ல."

"ஏன்?"

"அவன் நம்பி எனக்கு இன்னா ஆவப்போவுது" என்றான் ஜோஷ்வா. தட்டிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலுரிக்கத் தொடங்கினான்.